மூன்றாவது பொத்தான்

அத்தியாயம் 11

புருஷன் போய்ச் சேர்ந்து இத்தனை நாளாகியும் ராஜகுமாரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்களுடைய முதுகைத் தடவிக் கொடுத்து, "காப்பி குடிச்சியளா?" என்று கேட்டாள்.

"மெட்ராஸ்ல டி.வி.யில வேலை பாத்தவல்லா. நாடகத்துல எத்தனை சாவு பாத்திருப்பா" என்று எதிர்வீட்டுப் பிச்சம்மாள் சொன்னது ஜன்னல் வழியாக அவள் காதிலேயே விழுந்தது. அதற்கும் கோபம் வரவில்லை.

சௌந்தரபாண்டியன் இறந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். காரியத்துக்கு யார் யாருக்குச் சொல்வது என்று கொழுந்தன் சங்கரசுப்பு யோசித்துக்கொண்டிருந்தபோது, "ப்ரியாவும் வரட்டும்" என்றாள். அதோடு அந்த வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போனது.

ப்ரியதர்ஷினி மூத்த மகள். தம்பி பிரவின்ராஜுக்குக் கோகிலாவை எடுத்தபோது, கோகிலாவின் அண்ணன் செல்வக்குமாருக்கு ப்ரியாவைக் கொடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே பந்தலில் இரண்டு தாலி.

பிரவினும் கோகிலாவும் கனடாவுக்குப் போனார்கள். ப்ரியா ஒருநாள் ஒரு பையோடு இந்த வாசலில் வந்து நின்றாள். வலது கன்னமும் காதும் சேர்ந்து வீங்கியிருந்தன. சௌந்தரபாண்டியன் பார்த்தார். "பிரவினை நினைச்சுக்கோம்மா" என்று மட்டும் சொல்லி, அன்றைக்கே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். அடுத்த தடவை புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவள் இங்கே வரவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் பிறகு இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. அப்பாவைத் தூக்கிய அன்று தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனதாகப் பூக்கடைக்காரர் சொன்னார்.

இன்று காரியம். கனடாவிலிருந்து விடியற்காலையிலேயே போன் வந்துவிட்டது.

"அம்மா, அக்கா வாராளா?"

ராஜகுமாரி பதில் சொல்வதற்குள் சங்கரசுப்பு போனை வாங்கிக்கொண்டார்.

"நீ எதுக்குடே கவலைப்படுத? லீவு கிடைக்காம அங்கன கிடக்க. உனக்காகத்தான மூணு கேமரா வச்சு லைவ் போடுதோம். நீ பாக்கதுல அவ இருக்க மாட்டா."

"சித்தப்பா, விளையாடாதீங்க. கோகிலா வீட்டுல எல்லாரும் லிங்க்கைத் தொறந்து வச்சிட்டு உக்காந்திருக்காங்க. அத்தான் உட்பட. அக்கா தலை தெரிஞ்சுதுன்னா, அவளை வீட்டுல சேத்துட்டோம்னு அர்த்தம். கோகிலா பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்குக் கிளம்பிருவா. நேத்தே சொல்லிட்டா. அப்படி நடந்துதுன்னா நான் உங்க யார்கிட்டயும் பேச மாட்டேன். அம்மா கிட்டயும்தான்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ராஜகுமாரி கையிலிருந்த காப்பியைப் பார்த்தாள். ஆடை படிந்திருந்தது. டம்ளர் சுடுகிறதா ஆறிவிட்டதா என்று விரலுக்குத் தெரியவில்லை.

போனை வைத்ததும் சங்கரசுப்பு அவளைப் பார்க்காமல் பேசினார்.

"மதினி, நீங்க கேட்டதுக்காக ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். ப்ரியா பக்கத்து வாசல் வழியா வருவா. அப்பனுக்கு ஒரு கோடி வேட்டி வைப்பா. பந்திக்கு முன்னாடி போயிருவா. அவகிட்டயும் பேசிட்டேன். சரின்னுட்டா."

"சரின்னுட்டாளா?"

"'அப்பாவுக்கு ஒரு வேட்டி, அவ்வளவுதான் சித்தப்பா'ன்னா. பாவம், நல்ல பிள்ளை." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கேமராவுல மட்டும் வந்திரக் கூடாது. எல்லாருக்கும் நல்லது அதான்."

படையல் முடிந்து, பிறந்த வீட்டார் வந்து கோடிச் சேலை போடும் வரை தாலியறுத்தவள் கூடத்துக்கு வரக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதனால் ராஜகுமாரி உள்ளறையில் இருந்தாள். திருவேங்கடத்திலிருந்து அவளுடைய அண்ணன் மகன் சேலையோடு வர மத்தியானம் ஆகும்.

சங்கரசுப்புவின் மகன் பேச்சிராஜ் அந்த அறைக்குள்ளேயே தன் சாமான்களைக் கொண்டுவந்து பரப்பினான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். அந்த அறையில்தான் இன்வெர்ட்டர் லைன் இருந்தது. அலமாரி மேல் ஒரு சின்ன டி.வி., அதன் முன்னால் ஒரு முழ நீளத்துக்குப் பொத்தான்கள் வைத்த பெட்டி.

அவன் போனில் யாரையோ வைதுகொண்டிருந்தான்.

"முகூர்த்தநாள்னு எனக்குத் தெரியாதாவே? மேலநீலிதநல்லூர் கல்யாணத்துக்கு ஆள் இல்லைன்னா என் ஆளைத்தான் தூக்குவீராக்கும்? வையும் வே போனை."

திரும்பி ராஜகுமாரியைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"பெரியம்மை, ஒரு ஒத்தாசை. இதை அமுக்க வேண்டிய ஆள் வரல. நான்தான் மூணாவது கேமராவைப் பிடிக்கணும். நீங்க செத்த நேரம் இதுல உக்காருதியளா? உங்களுக்குத் தெரியாததா?"

"இப்ப உள்ளது எனக்கு என்னலே தெரியும்?"

"ஒண்ணுமில்ல. டி.வி.ல கட்டம் கட்டமா மூணு படம் தெரியுதுல்லா. ஒண்ணு, பெரியப்பா போட்டோவும் படையலும். ரெண்டு, அப்பாவும் ஓதுவாரும். மூணு, பக்கத்து வாசல். எந்த நம்பரை அமுக்குதியளோ அதுதான் வெளிய போகும். இந்தப் பெரிய கட்டம் வெளிய போறது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். ஒன்றாம் எண் சிவப்பாக எரிந்தது.

"ஆனா உடனே போகாது. இங்கன அமுக்குனா பிரவின் அண்ணனுக்குத் தெரிய அரை நிமிஷம் ஆகும். நெட் அப்படி." பேச்சிராஜ் குரலைத் தாழ்த்தினான். "மூணாவதை மட்டும் அமுக்கிராதீங்க. ப்ரியா அக்கா வாரதை நான் தனியா ரெக்கார்டு பண்ணி வைக்கேன். பொறவு உங்களுக்குப் போட்டுக் காட்டுதேன். லைவ்ல மட்டும் வேண்டாம். அப்பா என்னைக் கொன்னுருவாரு."

அவன் போய்க் கதவைச் சாத்தினான்.

ராஜகுமாரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னல் சாத்திய அறை. கூடம் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே நடப்பதை இந்தக் கட்டங்களில்தான் பார்க்க வேண்டும். மெட்ராஸில் அவள் வேலை பார்த்த கண்ட்ரோல் ரூமும் இப்படித்தான் இருக்கும்.

டி.வி. வந்த புதிது அது. நாடகம் என்றால் ஸ்டுடியோவில் செட் போட்டு, மூன்று கேமராவை நிறுத்தி, தொடக்கத்திலிருந்து ஒரே ஓட்டமாக எடுப்பார்கள். பிறகு உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிற வசதி கிடையாது என்றே சொல்ல வேண்டும். ஒருவர் தப்புப் பண்ணினால் எல்லோரும் காட்சியின் ஆரம்பத்துக்குப் போக வேண்டும். எந்த நேரத்தில் எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லுவார். சொன்ன கேமராவின் பொத்தானை அமுக்குகிறவளுக்கு விஷன் மிக்ஸர் என்று பெயர். ராஜகுமாரி விஷன் மிக்ஸர். சௌந்தரபாண்டியன் தயாரிப்பாளர்.

"டூ ரெடி" என்பார். அவள் விரல் இரண்டின் மேல் போய் நிற்கும். "டூ" என்பார். அமுக்குவாள்.

பழகப் பழக அவளுக்கு ஒன்று தெரிந்தது. எண்ணைச் சொல்வதற்கு முன்னால் அவர் மூச்சை உள்ளே இழுப்பார். அந்த இழுப்பிலேயே அவள் விரல் இறங்கிவிடும். அவர் வாய் திறக்கும்போது படம் மாறியிருக்கும்.

"நான் சொல்லுததுக்கு முன்னாடியே போட்டுட்டீங்களே?"

"நீங்க சொன்னீங்க சார்."

"எப்போ?"

அவள் சிரித்தாளே தவிர எப்போது என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் கல்யாணம். "இனிமே யாரு சொல்ல, யாரு அமுக்க?" என்று சவுண்ட் என்ஜினீயர் பந்தியில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அவர் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்னாலேயே அவள் செய்தாள்.

ஒரு தடவை ஒரு நாடகத்தில் கல்யாணக் காட்சி. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒன்றிலும் இரண்டிலும் இருந்தார்கள். மூன்றாவது கேமரா அடுத்த காட்சிக்காக இடம் மாறிக்கொண்டிருந்தது. போகிற போக்கில் அது செட்டின் ஓரத்தில் நின்ற ஒரு வயதான நடிகையின் மேல் நின்றது. வேலைக்காரி வேஷம், வசனம் கிடையாது. அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ராஜகுமாரியின் விரல் மூன்றின் மேல் போய்விட்டது. அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மூச்சை இழுக்கவில்லை. ஸ்கிரிப்டில் மூன்று இல்லை.

அந்த முகம் யார் வீட்டுக்கும் போகவில்லை. அவளும் அந்தக் கேமராமேனும் பார்த்ததோடு சரி.

கூடத்தில் ஓதுவார் தேவாரம் தொடங்கினார். சுவர் வழியாகவும் கேட்டது, டி.வி. வழியாகவும் கேட்டது. மைக் அவர் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

ராஜகுமாரி ஒன்றில் வைத்திருந்தாள். மாலை போட்ட படம். படையல் இலை நிறையப் பலகாரம். அவருக்குப் பிடிக்காத அதிரசத்தைச் சங்கரசுப்புவின் மனைவி வள்ளித்தாய் முன்னாலேயே அடுக்கியிருந்தாள். பிறகு இரண்டு. விரலில் தர்ப்பையோடு சங்கரசுப்பு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒன்று.

விரல் தானாக நடந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அமுக்குவதற்கு முன்னால் ஒரு கணம் நின்றது. எதற்கு நிற்கிறது என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. இடது பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் எப்போதும் இடது பக்கத்தில்தான் உட்காருவார்.

மின்விசிறிச் சத்தம் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

மூன்றாவது கட்டத்தில் பக்கத்து வாசல் திறந்தது.

நீலச் சேலை. தலையில் ஒரு பக்கமாக நரை ஓடியிருந்தது. மானூர் வழி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போல. சேலை மடிப்பெல்லாம் கசங்கியிருந்தது. கையில் ஒரு தாம்பாளம், அதில் வேட்டி, அதன் மேல் ஒரு முழம் பிச்சிப்பூ. ப்ரியா.

ராஜகுமாரி அவளைப் பார்த்துக்கொண்டே இரண்டை அமுக்கினாள்.

வள்ளித்தாய் அவசரமாக வாசலுக்கு வந்தாள். வாழையிலைக் கட்டுக்குப் பக்கத்தில் ப்ரியாவை நிறுத்தினாள். ஏதோ சொன்னாள். சத்தம் இல்லாவிட்டாலும் வாயசைவை வைத்துப் படிக்க முடிந்தது. அது பழைய தொழிலில் வந்த பழக்கம்.

"இங்கனயே நில்லு மக்கா. குடு, நான் கொண்டு போய் வைக்கேன்."

ப்ரியா தாம்பாளத்தைக் கொடுக்கவில்லை. "நானே வச்சிட்டுப் போயிருதேன் சித்தி" என்றாள்.

"கேமரா ஓடுது தாயி. உன் தம்பி பாக்கான். சொன்னாக் கேளு."

வள்ளித்தாய் தாம்பாளத்தைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேர் கையிலும் அது இருந்தது. பிறகு ப்ரியா விட்டுவிட்டாள்.

தாம்பாளம் மூன்றாவது கட்டத்திலிருந்து மறைந்து இரண்டாவது கட்டத்தில் வந்தது, வள்ளித்தாயின் கையில். அங்கிருந்து ஒன்றாவது கட்டத்துக்குப் போனது. படத்தின் முன்னால் வேட்டியை வைத்து அவள் விழுந்து கும்பிட்டாள். ராஜகுமாரி கூடவே இரண்டு, ஒன்று என்று மாற்றினாள். சுத்தமாக வந்தது. கனடாவில் பார்க்கிறவர்களுக்கு அது வள்ளித்தாய் எடுத்த வேட்டி.

வேட்டியின் கரை அரக்கு. அவர் அரக்குக் கரைதான் கட்டுவார். பாளையங்கோட்டையில் கடை கடையாகத் தேடியிருப்பாள்.

மூன்றாவது கட்டத்தில் ப்ரியா அங்கேயே நின்றாள். போகச் சொன்ன பிறகும் போகவில்லை. ஓதுவார் பாடுகிற திசையைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, இடது காதைக் கூடத்துப் பக்கம் கொடுத்து, காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டாள்.

ராஜகுமாரி பார்த்தாள்.

யாரோ ஒருவர் ப்ரியாவின் வலது பக்கமாக வந்து, வழி விடச் சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். பிறகு தோளைத் தொட்டார். ப்ரியா திடுக்கிட்டு ஒதுங்கினாள். ஒதுங்கி, மறுபடியும் இடது காதைக் கொடுத்தாள்.

வீக்கம் வற்றியிருக்கும் என்றுதான் ராஜகுமாரி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் கண் மறைத்திருக்கும். கண் தெளிவாக இருந்தது. ஒன்றில் அவர் மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டில் ஓதுவார் வாயைத் திறந்திருந்தார். மூன்றில் அவர் மகள் ஒரு காதால் அவருடைய காரியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்கிரிப்டில் மூன்று இல்லை.

ராஜகுமாரியின் விரல் மூன்றின் மேல் போய் நின்றது. இடது பக்கம் காதைக் கொடுத்தாள். பழக்கம். அப்போது ஒரு மூச்சு இழுபடுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது.

அது அவளுடைய மூச்சு.

விரல் இறங்கியது.

மூன்றாம் எண் சிவப்பாயிற்று. பெரிய கட்டம் முழுக்க ப்ரியாவின் முகம். லேசாகப் படம் ஆடியது. படம் வெளியே போகும்போது எரிகிற சிவப்பு விளக்கு தன் கேமராவின் தலையில் எரிவதைப் பேச்சிராஜ் பார்த்துவிட்டான். இப்போது அவன் கேமராவைக் கீழே இறக்கிவிடலாம். தரையைக் காட்டலாம். இறக்கவில்லை. படம் மெல்ல மெல்ல நிலைத்தது. இன்னும் கொஞ்சம் அருகே போயிற்று.

அரை நிமிஷம் என்று சொல்லியிருந்தான்.

அந்தக் காலத்தில் நேரடி ஒளிபரப்பு என்றால் அமுக்கினால் அமுக்கியதுதான், அடுத்த மூச்சுக்குள் வீடு வீடாகப் போய்விடும். இப்போது அது எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. இன்னும் பிரவினுக்குத் தெரியாது. செல்வக்குமாருக்கும் தெரியாது. இந்த அறையில் மட்டும்தான் நடந்திருக்கிறது. அவள் ஒன்றை அமுக்கலாம். அமுக்கினாலும் போனது போனதுதான். அரை நிமிஷம் கழித்துத் தெரியப்போவது தெரியும். ஆனால் கைதவறி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். வயசானவள், புருஷனைப் பறிகொடுத்தவள், பெட்டி புதிது. எல்லோரும் நம்புவார்கள்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கட்டிலின் மேல் போன் அடித்தது. எட்டிப் பார்த்தாள். பிரவின். அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை.

அப்புறம் இரண்டாவது கட்டத்தில் வள்ளித்தாய் இடுப்பிலிருந்து போனை எடுப்பது தெரிந்தது. காதில் வைத்தாள். அவள் முகம் மாறியது. சங்கரசுப்புவிடம் குனிந்து சொன்னாள். அவர் தர்ப்பைக் கையோடு நிமிர்ந்து, உள்ளறைக் கதவைப் பார்த்தார். நேராக ராஜகுமாரியைப் பார்ப்பது போலவே இருந்தது. எள்ளும் தண்ணீருமாக நடுவில் எழுந்திருக்க முடியாது. ஓதுவார் நிறுத்தவில்லை.

சங்கரசுப்பு கையால் ஏதோ காட்டினார். என்ன என்று வாயை வைத்துப் படிக்க முடியவில்லை. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

வள்ளித்தாய் போனோடு நடந்தாள். இரண்டாவது கட்டத்தை விட்டுப் போய், மூன்றாவது கட்டத்துக்குள் வந்தாள். அது இப்போது பெரிய கட்டத்திலும் இருந்தது, கனடாவிலும் இருந்தது, கோகிலாவின் அப்பா வீட்டுக் கூடத்திலும் இருந்தது. அவள் ப்ரியாவின் முன்னால் போய் நின்று போனை நீட்டினாள்.

ப்ரியா போனைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். எல்லோரையும் போல வலது காதில் வைத்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள்.

பிறகு அதை இடது காதுக்கு மாற்றினாள்.

பிரவின் ஏதோ பேசினான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ராஜகுமாரி மூன்றை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.